முதல் கியரில் நிற்கிறது உன் வண்டி

இன்று காலை டிக்கியைத் திறந்ததும், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற அந்தக் கட்டையின் வாசம் முகத்தில் அடித்தது. நேற்று மழையில் நனைந்ததைத் துடைக்காமல் உள்ளே போட்டு மூடியிருந்தேன். ஊறிய மாமரமும் டயர் கறையும் கலந்த வாசம். கல்லாவியில் உன் அப்பாவின் தோப்பில் ஒடிந்து விழுந்த கிளையிலிருந்து நீயே அறுத்துக்கொண்டு வந்த கட்டை அது. ஒரு பக்கத்தைச் சரிவாகச் செதுக்கி, மறுபக்கத்தில் ஆணி அடித்து, குனியாமல் இழுத்து எடுக்க ஒரு நைலான் கயிறும் கட்டியிருந்தாய். கயிறு இன்னும் அறுந்துவிடவில்லை. உன்னை மாதிரியே அதுவும் பிடிவாதம்தான்.

நீ போன பிறகு உன் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். "எனக்கு ஓட்டத் தெரியாது. தெனமும் அவகூட ஒக்காந்து போனவங்க நீங்கதான், நீங்களே வச்சிக்கோங்க" என்று உன் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார். நம் ஊர் பேரிகையிலிருந்து கம்பெனி வரைக்கும் இப்போது பக்கத்து இருக்கையில் என் சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்து வருகிறது. அது உன்னைப் போல் லாரிக்காரர்களைத் திட்டுவதில்லை.

நம் வேலையை வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று நீ சொல்வாய். கார்களுக்கு ஹேண்ட்பிரேக் கேபிள் செய்கிற கம்பெனி. நானும் நீயும் ஒரே மேசையில் கேபிளை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்து, தேறியதை ஒரு பக்கமும் தேறாததை இன்னொரு பக்கமும் போட்டோம். நாள் முழுக்க அதைப் பார்த்தவளுக்கு ஹேண்ட்பிரேக் மேல் முழு நம்பிக்கை எப்படி வரும்? "புதுசுல பிடிக்கிற பிடி கடைசி வரிக்கும் இருக்கும்னு எவன் சொன்னான்? கேபிளுன்னா நாளாவட்டத்துல இழுபடத்தான் செய்யும். சரிவுல நிறுத்தறவ அத மட்டும் நம்பிட்டு எறங்கக் கூடாது" என்பாய்.

அதனால் நீ வண்டி நிறுத்துவதே ஒரு பூசை. கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட்பிரேக்கை இழுப்பாய். கால் பிரேக்கை மெதுவாக விட்டு, வண்டி நகர்கிறதா என்று பார்ப்பாய். பிறகு எஞ்சினை அணைத்துக் கியர் போடுவாய். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்திருந்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ். தப்பித் தவறி உருண்டாலும் ஆள்மேல் போகாமல் சுவரில் முட்டும்படி ஸ்டியரிங்கைத் திருப்பி வைப்பாய். கடைசியாக இறங்கி, பள்ளத்துப் பக்கம் சக்கரத்துக்குக் கட்டை. அதையும் காலால் ஒரு உதை. நான் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்பேன். "ஏம்மா, உன் வூட்டுக்காரரக்கூட நீ இவ்ளோ சந்தேகப்பட மாட்டியே" என்றேன் ஒரு நாள். "அவரு எங்க உருளப் போறாரு, சோபாவ வுட்டே நகர மாட்டாரு" என்றாய்.

நம் கம்பெனியின் வண்டி நிறுத்துமிடம் பாறையை வெட்டிச் சமன் செய்யாமல் விட்ட சரிவு. கேட்டிலிருந்து கேன்டீன் வரைக்கும் இறக்கம். பெரும்பாலானவர்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் என்பதால், கார்களுக்கு அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வருகிறவர்களின் வண்டியும் போகிறவர்களின் வண்டியும் ஒன்றை ஒன்று மறித்து நிற்கும். அதற்கு செக்யூரிட்டி கண்டுபிடித்த வழிதான் அந்த நியூட்ரல் பழக்கம். "கியர் போடாதீங்க, ஹேண்ட்பிரேக் போடாதீங்க, சும்மா வுட்டுட்டுப் போங்க, வேணும்னா தள்ளிக்கறோம்." முன்சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைப்பார்கள், அவ்வளவுதான். மண்டபத்தில், ஆஸ்பத்திரியில், கடைத்தெருவில் எங்கும் நடக்கிறதுதான். ஆனால் உள்ளே ஹேண்ட்பிரேக் கேபிள் செய்துகொண்டு, வெளியே ஹேண்ட்பிரேக் போடாதே என்று சொல்ல நம் கம்பெனியால்தான் முடியும்.

நீ மட்டும் முடியாது என்றாய். சண்டை போடவில்லை. "சமதரையா இருந்தா வுடலாம்ணா. இது சரிவு. வண்டி எடுக்கணும்னா ஆள் அனுப்புங்க, ஓடி வந்து எடுக்கறன்" என்று செக்யூரிட்டி சங்கரிடம் சொல்லிவிட்டுப் போனாய். கூப்பிட்டபோதெல்லாம் ஓடியும் வந்தாய். சாவி எப்போதும் உன் ஐடி கார்டு கயிற்றிலேயே தொங்கியது.

அந்த மதியம் உன்னை யாரும் கூப்பிடவில்லை. உன் வண்டிக்கு முன்னால் நின்ற காரை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. உன் வண்டியைத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள், நகரவில்லை. பக்கத்தில் யாரோ விருந்தாளியின் பெரிய கார், சொன்ன பேச்சைக் கேட்டு நியூட்ரலில் நின்றது. வழி உண்டாக்க, செங்கல்லை எடுத்துவிட்டு அதைத் தள்ளினார்கள். கொஞ்ச தூரம் கைக்கு அடங்கியது. சரிவு கூடியதும் அடங்கவில்லை. உள்ளே ஆள் இல்லை, கதவு பூட்டியிருந்தது. கேன்டீன் ஓரம் செம்பருத்திக்குப் பாத்தி கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் தோட்டக்கார முனியப்பா. சத்தம் கேட்டு எழுந்தவரின் ஒரு காலை நசுக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் மோதி நின்றது அந்தக் கார்.

மறுநாள் அட்மின் ஆபீசர் உன்னை அழைத்தார். துணைக்கு நானும் வந்தேன். "உங்க வண்டி கியர்ல இல்லாம இருந்திருந்தா இது நடந்திருக்காதும்மா" என்றார். அவருக்குக் கூச்சமே இல்லை. "எல்லா வண்டியும் கியர்ல இருந்திருந்தாதான் சார் இது நடந்திருக்காது" என்றாய். ஆனால் அதிகாரம் அவரிடம் இருந்தது. உன் வண்டி உள்ளே வரக்கூடாது என்றார்கள். முனியப்பாவின் கால் உன்னால் போனது என்று கேன்டீனில் பேச்சு பரவியது. நம் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களே தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள்.

அதன்பின் நீ ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்து வந்தாய். அங்கேயும் கியர், அங்கேயும் கட்டை. உடம்பு இளைக்கத் தொடங்கியபோது வெயிலில் நடப்பதால்தான் என்று நினைத்தோம். பெங்களூரு ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கோளாறு என்றார்கள். கட்டிலில் கிடந்தபோதும் நீ கேட்டது ஒன்றுதான். "முனியப்பா நடக்கறாரா? அவரும் என்னாலதான்னு நெனைக்கறாரா?" அவரைக் கேட்டுச் சொல்ல வழியில்லை. அவர் அப்போது ஊரில் படுத்திருந்தார். அந்தக் கேள்வியோடுதான் நீ போனாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேன்டீனில் உனக்கு மௌன அஞ்சலி வைத்தார்கள். அட்மின் ஆபீசர் நன்றாகத்தான் பேசினார். திறமைசாலி, லீவே எடுக்காதவர் என்றெல்லாம் சொன்னார். "பார்க்கிங் விஷயத்துல மட்டும் கொஞ்சம் பிடிவாதம்" என்று முடித்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள். செத்தவளைக் குற்றவாளியாக்கிவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு. அன்றைக்கே எழுந்து கத்தியிருப்பேன், அழுகை முந்திக்கொண்டது. அன்று வராத சத்தம் இப்போது வருகிறது.

வண்டி என் பெயருக்கு மாறியதும் உள்ளே நிறுத்தப் புது ஸ்டிக்கர் கொடுத்தார்கள். உன் வண்டி என்று யாருக்கும் உறைக்கவில்லை போல. முதல் நாள் கேட்டுக்குள் நுழைந்து, நீ நிறுத்துகிற அதே இடத்தில் மூக்கை மேட்டுக்குக் காட்டி நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக், முதல் கியர், ஸ்டியரிங் சுவர்ப்பக்கம். கட்டையோடு இறங்கியபோது சங்கர் வந்துவிட்டார். "மேடம், நியூட்ரல்ல வுட்டுடுங்க."

"மாட்டேன்ணா."

அவர் ஆபீசரைக் கூட்டிவந்தார். ஷிஃப்ட் மாறும் நேரம், கூட்டம் கூடிவிட்டது. "அவங்கள மாதிரி நீங்களும் ஆரம்பிக்காதீங்க" என்றார் ஆபீசர். "அவங்கள மாதிரிதான் சார் நிறுத்துவேன். முனியப்பா கால் போனது தள்ளுன வண்டியால, நின்ன வண்டியால இல்ல. அவங்க மேல தப்பு இல்லன்னு அதே கேன்டீன்ல நீங்க சொல்லணும்" என்றேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் நின்றேன். என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் நினைவுக்கு வந்தன. வந்தும் நின்றேன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனியப்பா வந்தார். ஊரிலிருந்து திரும்பி, உட்கார்ந்து செய்கிற வேலையாகச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர். ஒரு காலை இழுத்து இழுத்து வந்து, "இல்லி கொடி", இங்கே கொடுங்கள் என்று கன்னடத்தில் கேட்டுக் கை நீட்டினார். கட்டையைக் கொடுத்தேன். பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, நல்ல காலால் உதைத்து இறுக்கினார். நிமிர்ந்து ஆபீசரைப் பார்த்தார். "அந்த அம்மா வண்டி என்னெ ஒண்ணும் செய்யலே சார். நின்ன எடத்துலே நின்னுது. ஓடி வந்து மோதினது வேறே வண்டி. என்னெ யாரும் கேக்கலே, அதுனாலே சொல்லலே."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பித் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டார். கூட்டத்தில் அப்போது யாரும் சிரிக்கவில்லை. "மீட்டிங்ல பார்ப்போம்" என்று ஆபீசர் நகர்ந்தார். அந்த மீட்டிங் இன்னும் நடக்கவில்லை. கேட்டில் நியூட்ரலில் விடச் சொல்லும் போர்டும் அப்படியே தொங்குகிறது. ஆனால் இந்த வாரம் பெயின்ட் செக்ஷன் பெண் ஒருத்தி தன் வண்டியைக் கியரில் விட்டுவிட்டு, சங்கரிடம் சாவியை ஆட்டிக்காட்டிவிட்டுப் போனாள். சங்கர் அவளைத் தடுக்கவில்லை.

நீ கட்டிலில் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் உன்னைக் குற்றம் சொல்லவே இல்லை. இதை உன்னிடம் நேரில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். மைக்கில் வண்டி எண்ணைச் சொல்லி என்னைக் கூப்பிடும்போதெல்லாம் போய் வண்டியை எடுத்து வழிவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் நிறுத்துகிறேன். பிறகு, கையில் கட்டையின் கறையோடு, எல்லோரும் பார்க்க கேன்டீனைக் கடந்து உள்ளே போகிறேன்.

உன்மேல் தப்பு இல்லை என்று அவர்கள் வாயால் அங்கே சொல்கிறவரை உன் வண்டி முதல் கியரில்தான் நிற்கும். சொன்ன பிறகும் முதல் கியரில்தான் நிற்கும்.