தண்ணீர் ஊற்றச் சொன்னேன்

செவ்வாய், இரவு

சாயங்காலம் அவர் மங்களூர்க் கடலிலிருந்து போன் செய்தார். மீன்பிடிப் படகில், மீனை உறைய வைக்கும் அறையில் குழாய் உடைந்து, குளிரூட்டும் அம்மோனியா கொட்டுகிறதாம்.

"ஏய் கெமிஸ்ட்ரி, கண்ணு எரியுது. இன்னா பண்றது, சீக்கிரம் சொல்லு."

"தண்ணி ஊத்துங்க, கரைஞ்சிடும்" என்றேன்.

"ஊத்துங்கடா, என் பொண்டாட்டியே சொல்லிட்டா!" என்று கத்தினார். அதோடு போன் அணைந்துவிட்டது.

பாப்பாவைத் தூங்க வைக்கும்போதுதான் நினைவு வந்தது. காற்றில் பரவிய அம்மோனியாதான் தண்ணீரில் கரையும். தரையில் தேங்கிய திரவத்தில் தண்ணீர் பட்டால் பொங்கி, இன்னும் வேகமாக ஆவியாகும். இதைப் படித்துத்தானே பாஸ் செய்தேன்? கூப்பிட்டால் அவர் போன் சுவிட்ச் ஆஃப். மங்களூர் எங்கே, செஞ்சி எங்கே.

"அவனாண்ட பேசினியா?" என்று மாமியார் கேட்டார்.

"பேசினேன் அத்தை. நல்லா இருக்காராம்."

அந்த நிம்மதியில் அத்தை இப்போது குறட்டை விட்டுத் தூங்குகிறார்.