இரத்தத்தில் விழும் வெளிச்சம்

மட்டாஞ்சேரி
12.1.2025

அன்பு மகாவுக்கு மதினி மூக்கம்மாள் எழுதுவது.

உன் அண்ணன் போய் ஆறு மாதம் ஆகிறது. என் போன் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதாக உன் மகள் ஸாதனா சொன்னாள். தபால்காரரைத் தடுக்க முடியாதே, அதனால்தான் காகிதம். அஞ்சாவதுதான் படித்தவள், பிழையைப் பொறுத்துக்கொள்.

உனக்கு வெளிக்குப் போகையில் இரத்தம் படுகிறதாம். மூலம் என்று துத்தி இலை அரைத்துக் குடிக்கிறாயாம். மகா, உன் அண்ணனும் எட்டு மாதம் அதைத்தான் செய்தார். கிடங்கில் மூட்டை தூக்குகிற சூடு என்றார். டப்பாவில் மலம் கொண்டுவரச் சொன்ன டாக்டரம்மாவிடம், "நான் என்ன பச்சப்பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு வந்தார். முடிவில் குடல் புற்று.

அவரைப் பார்த்த எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. கொஞ்சம் இரத்தம் எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அதில் விடுகிறார்கள். நோய் இருந்தால் வெளிச்சம் வேறு மாதிரி வருமாம். கூடப்பிறந்தவர்களும் பார்க்கவேண்டும் என்றார்கள். வந்துவிட்டுப் போ. சாளை மீன் வறுத்துத் தருகிறேன்.

மூக்கம்மாள்

சுரண்டை
25.1.2025

மதினிக்கு,

இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை குழாய் குழாயாக இரத்தம் எடுத்துத்தானே எங்கள் அண்ணனுக்கு வேட்டி நிற்க இடுப்பில்லாமல் ஆக்கினீர்கள்? இப்போது நானா? எனக்கு மூலம்தான். சாளையை நீங்களே சாப்பிடுங்கள்.

உங்கள் முட்டுவலிக்கு எண்ணெய் காய்ச்சிப் பார்சல் போட்டிருக்கிறேன். அது வேறு விஷயம்.

மகா

மட்டாஞ்சேரி
6.2.2025

அன்பு மகா,

எண்ணெய் வந்தது. தேய்த்தேன், படி இறங்க முடிகிறது.

அவரிடம் எடுத்தது ஒரு கரண்டிகூட இருக்காது. ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று பார்க்கத்தான் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோதே, அந்த வெளிச்சம் மிஷினில் வரைகிற கோடு மாறியிருந்தது. "இது மாத்திரம் நோக்கி ஒண்ணும் பறைய மாட்டோம் சேச்சி, வேற டெஸ்டும் வேணும்" என்றாள் டாக்டரம்மா. எல்லாம் பார்த்தார்கள். திரும்பித்தான் இருந்தது. "இத மொதல்லயே பாத்திருந்தா?" என்று உன் அண்ணன் கேட்டார்.

துக்க வீட்டில் எல்லாரும் ஏன் முன்னாலேயே காட்டவில்லை என்று என்னைத்தான் கேட்டார்கள். நீயும் கேட்டாய். துத்தி இலையைப் பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தது யார் என்று நான் வாய் திறக்கவில்லை. குத்திக்காட்ட எழுதவில்லை, மகா. நீ ஆசையாக அனுப்பினாய், நானும் ஆசையாக அரைத்துக் கொடுத்தேன். அதே தப்பை உன் உடம்புக்கும் செய்யாதே. நீ போனால் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை நான்தான் எடுத்துவர வேண்டும். எடுக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

மூக்கம்மாள்

சுரண்டை
15.2.2025

மதினி,

கோபத்தில் போனைத் தடுக்கவில்லை. அந்த இலைப் பார்சலைப் பற்றி என்றைக்காவது கேட்டுவிடுவீர்களோ என்ற பயம்தான்.

வெள்ளிக்கிழமை ரயிலில் ஸாதனாவோடு வருகிறேன். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றாலும் சரி. ஊசி குத்தும்போது மட்டும் என் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். சின்ன வயசில் அண்ணன்தான் பிடித்துக்கொள்ளும்.

மகா