மாத்திரை தந்த நிதானம்

மகாராணிக்கு,

நீ தூங்குகிறாய். எழுப்பினால் நேற்றைய அர்ச்சனை விட்ட இடத்திலிருந்து தொடங்குமே என்று பயந்து, எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

எழுந்து நிற்கும்போதெல்லாம் தலைசுற்றியதை உன்னிடம் மறைத்தது தப்புதான். அதற்கு நீ அரை மணி நேரம் திட்டினாய். நான் அசையவில்லை. "கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே, நான் கத்துறது உங்களுக்கு உறைக்கவே இல்லையா?" என்று அழுதாய்.

நன்றாகவே உறைத்தது. ஒற்றைத் தலைவலிக்குப் போடும் அந்த மாத்திரைதான் நெஞ்சைப் படபடக்க விடமாட்டேன் என்கிறது. போன வாரம் என்னிடம் கார் ஓட்டப் பழகும் பெண் சுவரைப் பார்த்து வண்டியை விட்டாள். நான் கொட்டாவி விட்டபடியே என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். "சார், உங்களுக்குப் பயமே கிடையாதா?" என்றாள். மீசையைத் தடவிக்கொண்டேனே தவிர, மாத்திரையின் புண்ணியம் என்று சொல்லவில்லை.

நாடி நிமிடத்துக்கு நாற்பத்தெட்டுதான் ஓடுகிறது, தலைசுற்றலும் அதனால்தான் போலிருக்கிறது. டாக்டரிடம் போகிறேன். மாத்திரையை நானாக நிறுத்த மாட்டேன், அளவைக் குறைக்க முடியுமா என்று கேட்கிறேன். இன்றைக்கு வகுப்பு கிடையாது என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. கார் சாவி இந்தச் சீட்டின் மேலேயே இருக்கிறது. பஸ்ஸில்தான் போகிறேன், நம்பு.

பால் காய்ச்சி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்காரர் வருவார், குளியலறையைக் காட்டு.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: கிளம்பும்முன் உன்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை நாடி பிடித்து எண்ணினேன். நீ வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். ஐம்பத்திரண்டு. அந்த மாத்திரையையும் மீறி.