லேட்டாக விழும் சுரம்

அன்புள்ள லேட்டுக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது; குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குகிறவனிடம் அதை எப்படிக் கேட்பது? கையுறை இல்லாமல் உள்ளே போகாதே. அந்த விரல்களை உன்னைவிட அதிகம் பார்த்தவன் நான். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து இத்தனை வருஷம் எனக்கு வேறென்ன வேலை?

நம் இசைக்குழு நன்றாகத்தான் ஓடுகிறது. உன் இடத்தில் கிட்டார் வாசிக்க வந்தவர் கெட்டிக்காரர். தனி வாசிப்பில் கண்மூடித் திறப்பதற்குள் மேலே போய்க் கீழே வந்துவிடுகிறார், கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகிறது. அதே இடத்தில் நீ நாலே சுரம் வாசிப்பாய். கம்பியை வளைத்து, சுரம் முழுசாக மேலே ஏறுவதற்குள் விட்டுவிடுவாய். பிறகு சும்மா நிற்பாய். மறந்துவிட்டான் என்று கூட்டம் நினைக்கும். மீதியை அவர்களே மனசுக்குள் பாடட்டும் என்று நீ விட்டது எனக்குத்தான் தெரியும்.

போன வாரம் அந்த இடத்தில் பழக்கதோஷத்தில் நானும் கையை நிறுத்திவிட்டேன். பாடகர் திரும்பி முறைத்தார். ஒத்திகை முடிந்ததும், “என்ன இடி, தூங்கிட்டியா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன் சுரம் என் அடிக்கு ஒரு மயிரிழை பின்னால்தான் வந்து விழும். அதற்காகத்தானே உனக்கு லேட்டு என்று பெயர் வைத்துக் கேலி செய்தோம். இப்போது எல்லாம் சரியான நேரத்தில் வருகிறது. எனக்குத்தான் மேடையில் தனியாக உட்கார்ந்து அடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது.

உன் வாசிப்பைப் பற்றிப் பத்திரிகையில் ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை என்ற கசப்பில்தான் நீ போனாய். எனக்கு எழுத வருவது இவ்வளவுதான், இதையாவது வைத்துக்கொள்.

இனி தொடப்போவதில்லை, கிட்டாரை விற்றுவிடு என்று எழுதியிருந்தாய். கழுத்து வளைந்திருக்கிறது, விலை படியவில்லை என்று நான் சொன்னதெல்லாம் புளுகு. அது என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும்வரை நீ திரும்பி வருவாய் என்று ஒரு நப்பாசை.

ஞாயிற்றுக்கிழமை புதியவரே அதைக் கேட்டு வந்தார். ஆம்ப்ளிஃபையரில் செருகி, உன்னுடைய அந்த நாலு சுரத்தையே வாசித்தார். ஒலிப்பதிவைக் கேட்டுப் படித்திருக்கிறார், எதுவும் பிசகவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அதே மரம், அதே கம்பி. நீ மட்டும் எங்கேயும் இல்லை. “பார்த்தா ஈசியா தெரியுது, அவர் மாதிரி வர மாட்டேங்குதுண்ணே” என்று அவரே கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். அப்போதே கொடுத்துவிட்டேன். நான் இவ்வளவு நாள் காவல் காத்தது வெறும் மரக்கட்டையை. அவர் போனபின் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

பணம் வந்து சேரும். அதில் அங்கேயே ஒன்று வாங்கு. மட்டமானதாக இருந்தாலும் போதும், வாசிக்கப்போவது நீதானே. திரும்பி வா என்று இனிமேல் கேட்கமாட்டேன். விடுமுறை நாளில் என்னைக் கூப்பிட்டு, ஃபோனைக் கட்டிலில் வைத்துவிட்டு வாசி. நலம் விசாரிக்க வேண்டாம், நானும் வாயைத் திறக்கமாட்டேன். முடிந்ததும் வைத்துவிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன்னைக் கேட்க இங்கே ஒருத்தன் இருக்கிறான்.

இப்படிக்கு,
இடி