பச்சையம்மா, உன் கடிதம் போய்ச் சேரவில்லை

நலமா என்று கேட்க வழியில்லாத இடத்தில் இருக்கிற என் பச்சைக்கு,

உனக்கு ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் வைத்திருக்கிறேன். நீ எப்போதும் கெட்டதை முதலில் கேட்பவள். இந்தத் தடவை நான் சொல்கிற வரிசையில்தான் கேட்டாக வேண்டும். எதிர்த்துப் பேச நீ இல்லையே, என்ன செய்வாய்?

நித்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊசி என்றாலே என் புடவைக்குள் புகுந்துகொள்ளும் உன் மகள், இப்போது மலை ஜனங்களுக்கு ஊசி போடுகிறாள். ஆர்டர் வந்த அன்று அதை வாங்கி நான்கு தடவை படித்தேன். லேமினேஷன் செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டாள்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. சங்கராபுரம் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் நாம் இரண்டு பேரும் பதினெட்டு வருஷம் ஒரு கடை நடத்தினோம். டைப்பிங் உன் வேலை. ஜெராக்ஸ், லேமினேஷன், வருகிறவர்களிடம் வாயடிப்பது எல்லாம் என் வேலை. பட்டா மனுவோ, மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையோ, எழுத்து என்று வந்தால் உன் மேஜைக்குத்தான் அனுப்புவேன்.

நீ அடித்ததெல்லாம் பழைய எழுத்தில். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. நீ தமிழில் ஓர் எழுத்தை அடித்தால், அது உள்ளே ஓர் ஆங்கில எழுத்தைத்தான் வைத்துக்கொள்ளும். அதற்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிடுவது ஃபாண்ட். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் சட்டை கழன்றுபோய், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வெறும் குப்பை தெரியும்.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு கரும்பு விவசாயி பென்டிரைவை எடுத்துக்கொண்டு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? வேறு எங்கோ அடித்த மனு. நம் கம்ப்யூட்டரில் அன்று ஃபாண்ட் கோளாறு. திரை முழுக்கக் குப்பை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நீ மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "கீழே கையெழுத்திட்டுள்ள கரும்பு விவசாயிகள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்..." என்று மடமடவென்று படிக்க ஆரம்பித்தாய்.

"இன்னாம்மா இது, இங்கிலீஷ்ல இருக்கறத தமிழ்ல படிச்சிக்கினு போற?" என்றார் அவர்.

"இத்தினி வருஷமா இதையே அடிச்சிக்கினு கெடக்கறன். இதுகூடத் தெரியாதாங்க?" என்றாய் நீ.

அன்று எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று நினைத்தேன்.

பிறகு புது முறை வந்தது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண். எந்தப் போனுக்கு அனுப்பினாலும் தமிழ் தமிழாகவே தெரியும். நான் உன்னை அரித்தெடுத்தேன். மாறுடி, மாறுடி என்று. "என் வெரலு இதுக்குத்தான் பழகிக்கிச்சி, என்ன வுட்டுடு மலரு" என்பதுதான் உன் பதில். பிடித்தால் பிடித்த பிடி. உன்னை யாரால் அசைக்க முடிந்தது?

நோய்தான் அசைத்தது. புதுச்சேரிக்கு மருந்து ஏற்றிக்கொள்ளப் போய்வந்த ஒரு நாள், பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தாய். முடியெல்லாம் கொட்டிப்போய்த் தலையில் துண்டு. வந்ததும் கேட்டாய்: "பழைய எழுத்துல அடிச்சா நித்யா போன்ல தெரியாதில்ல? அந்தப் புதுசு எப்படின்னு சொல்லிக் குடு."

பத்து நாள் பழகினாய். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. இந்த வேலையில் நம் தாலுகாவுக்கே நீ ராணி, ஆனால் அந்தப் பத்து நாளும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல உட்கார்ந்திருந்தாய். பதினோராம் நாள், மத்தியானம், உன் மகளுக்குக் கடிதம் அடித்தாய்.

என்னைக் கிட்டே வரவிடவில்லை. நான் எதையும் எட்டிப் பார்க்கிற ஜாதி என்று உனக்குத் தெரியும். "என் மேல சத்தியம் பண்ணு, படிக்க மாட்டன்னு. அவளுக்கு வேலை கெடைச்ச அன்னிக்கித் தொறந்து குடு" என்றாய். பிரிண்ட் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கும், பிரிண்டர் என் பக்கம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். சத்தியம் பண்ணினேன்.

இனிமேல் கெட்ட செய்தி, பச்சை. கொஞ்சம் பொறுத்துக் கேள்.

அன்றைக்கு நீ அடித்து முடித்துச் சேமிக்கப் போனபோது, ஒரு கட்டம் வந்தது. முழுக்க ஆங்கிலம். நீ அங்கிருந்தே கூப்பிட்டாய்: "ஏய் மலரு, இங்க இன்னாமோ இங்கிலீஷ்ல கேக்குது பாரு."

என்னிடம் ஏழெட்டுப் பேர் ஜெராக்ஸுக்கு நின்றிருந்தார்கள். ஜமாபந்தி சமயம், தாலுகா ஆபீசில் மனு கொடுக்கிற கூட்டம். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓகே குடுடி" என்றேன்.

நம் கடையில் அதுதானே வழக்கம்? கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் எதைக் கேட்டாலும் ஓகே. வைரஸ் வந்தாலும் ஓகே, பேப்பர் தீர்ந்தாலும் ஓகே. இரண்டு பேருக்கும் படித்துப் பார்க்க ஆங்கிலமும் இல்லை, நேரமும் இல்லை. பதினெட்டு வருஷமாக அந்த ஓகே நம்மைக் காப்பாற்றி வந்தது.

அந்தக் கட்டம் கேட்டது என்னவென்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்: நீ பழைய முறையில் சேமிக்கிறாய், அந்த முறையில் இந்தப் புது முறைத் தமிழ் எழுத்துக்கு இடமில்லை, எழுத்தெல்லாம் அழிந்துபோகும், பரவாயில்லையா? நாம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டோம். நான் சொன்னேன், நீ அமுக்கினாய்.

அதிலும் ஒரு கொடுமை கேள். மூடுகிற வரைக்கும் திரையில் உன் தமிழ் அப்படியே தெரிந்துகொண்டிருந்தது. நீ அதை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்துப் பார்த்தாய். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்ல வேண்டியத சொல்லிட்டன்டி. இனிமே எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாய். அந்த நிம்மதியோடுதான் இருபது நாளில் போனாய்.

மூன்று வருஷம் நான் அந்தக் கோப்பைத் தொடவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் எவ்வளவு கர்வம்! ஆர்டர் வந்த அன்று நித்யாவை உன் நாற்காலியில் உட்காரவைத்து, சாமி படத்துக்கு முன் நிற்பது மாதிரி நின்றுகொண்டு திறந்தேன். திரை முழுக்கக் கேள்விக்குறி. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் கேள்விக்குறி.

எழுத்துக் கோளாறு, சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரை வரவழைத்தேன். பழைய குப்பையையே படித்தவள் என் பச்சை, நீங்கள் இதைக்கூடவா மாற்ற முடியாது என்று சண்டை போட்டேன். அவர் நல்ல மனுஷர். அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அந்தக் குப்பையில ஒவ்வொரு எழுத்தும் வேற வேறயா இருந்துச்சிக்கா, அதனால படிச்சாங்க. இதுல எல்லாமே ஒண்ணா ஆயிடுச்சி. டெலீட் ஆன ஃபைலா இருந்தா தோண்டிப் பாக்கலாம். இது டெலீட் ஆவல. டிஸ்க்ல எழுதறப்பவே இப்டித்தான் எழுதியிருக்குது."

நீ பழைய எழுத்தில் அடித்த ஆயிரக்கணக்கான கோப்புகள் அதே டிஸ்கில் பத்திரமாக இருக்கின்றன. எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருவருடைய வேலித் தகராறு மனுகூட ஒரு புள்ளி பிசகாமல் இருக்கிறது. இதையும் நீ பழைய எழுத்திலேயே அடித்திருந்தால் பிழைத்திருக்கும். என் பேச்சை நீ கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதானே, பச்சை? அதற்கு உனக்கு நான் கொடுத்தது இதுதானா?

நித்யாவிடம் மறைக்கவில்லை. ஓகே சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் மெதுவாக, "நீங்க படிச்சிருக்கலாம் இல்ல சித்தி?" என்றாள். "எல்லாத்தையும் எட்டிப் பாப்பீங்களே. இத மட்டும் திருட்டுத்தனமா ஒரு வாட்டி படிச்சிருக்கக் கூடாதா?"

அவள் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நீ போன அன்று அழுததைவிட அன்று அதிகமாக அழுதேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் அவள் கடைப் பக்கமே வரவில்லை. கூப்பிட்டாலும் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் சாயந்திரம் அவளாகவே வந்தாள். "அத பிரிண்ட் எடுங்க சித்தி" என்றாள். இரண்டு பக்கம் வந்தது. நீ இரண்டு பக்கம் எழுதினாய் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

இருவரும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எழுத்துகள்தான் போயிருந்தன. இடைவெளியும் கமாவும் புள்ளியும் நீ வைத்த இடத்திலேயே இருந்தன, எண்களும் இருந்தன. முதல் வரியில் ஆறு கேள்விக்குறி, பிறகு கமா. சர்வீஸ்காரர் சொல்லிக்கொடுத்தபடி எழுத்து, கால், கொக்கி, புள்ளி என்று தனித்தனியாக எண்ணிப் பார்த்தேன். நித்யா என்றாலும் ஆறு வருகிறது. பாப்பா என்றாலும் ஆறு வருகிறது. நீ அவளை எப்படிக் கூப்பிட்டிருந்தாய்?

முதல் பக்கத்தின் நடுவில் 7.40 என்று இருந்தது. நான் மருந்து வேளையோ என்று நினைத்தேன். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பஸ்ஸு சித்தி. காலேஜ் பஸ்ஸு. நான் தல பின்னிக்கினே ஓடியாருவன், அம்மா ரோட்டு நடுவுல நின்னுக்கினு பஸ்ஸ மறிக்கும். டிரைவரு கண்டபடி திட்டுவாரு. 'எம் பொண்ணு வர்றா, ரெண்டு நிமிஷம் நின்னா ஒம் பஸ்ஸு கெட்டுப்பூடுமா'ன்னு அம்மா திருப்பித் திட்டும்."

சொல்லச் சொல்லச் சிரித்தாள், அழுதாள். அந்த எண்ணைச் சுற்றியிருந்த வரியைத் தடவிப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில் தனியாக ஒரு 3 இருந்தது. அது எதுவென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எது மூன்று, பச்சை?

வேலையில் சேரும் அன்று நானும் மலைக்கு உடன் போனேன். வளைவுகளில் பஸ் ஏற ஏற எனக்குத் தலை சுற்றியது. உன் மகள்தான் எலுமிச்சம்பழம் கொடுத்து என் முதுகைத் தடவிவிட்டாள். அவளுக்கு ஒரு சின்ன வீடு கிடைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா தினை மாவு கொடுத்து, "எங்க புள்ள மாதிரி பாத்துக்கறோம், நீங்க தைரியமா போய்ட்டு வாங்க" என்றார். நான் திரும்பி வரும்போது நித்யா ஒரு கேள்வி கேட்டாள். "தெனம் போன் பண்றன் சித்தி. அம்மாவப் பத்தி எனக்குத் தெரியாததா ஒண்ணு சொல்லுவீங்களா?"

சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாயந்திரம் அங்கே சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்றுகொண்டு கூப்பிடுகிறாள். நேற்று, அவளுக்கு நர்சிங் சீட் கிடைத்த அன்று நடந்ததைச் சொன்னேன். நீ கடைக்கு வந்து யாரிடமும் பேசாமல், அவள் பேரைப் பெரிய எழுத்தில் அடித்து, பக்கத்தில் செவிலியர் என்று போட்டு, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததை. போனில் மேட்டுக் காற்று கேட்டது.

அப்புறம் கேட்டாள்: "இது அந்த லெட்டர்ல இருந்திருக்குமா சித்தி?"

இருந்திருக்கும் பாப்பா என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஒரு வார்த்தை. அவளுக்கும் நிறைந்திருக்கும், எனக்கும் பாரம் இறங்கியிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "தெரியலம்மா" என்றேன்.

"செரி சித்தி" என்றாள். "நாளைக்கு வேற சொல்லுங்க."

நீ பேசியதையும் செய்ததையும் எனக்குத் தெரிந்தவரை ஒன்று விடாமல் அவளுக்குச் சொல்வேன், பச்சை. நீ எழுதியது என்னவென்று ஒருநாளும் நானாக இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு பக்கமும் உன்னுடையவை. உன் மகள் எத்தனை தடவை கேட்டாலும், என் உயிர் உள்ளவரை, அங்கே நான் ஒரு எழுத்துகூட வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் நித்யாவுக்குச் சித்தியாகவே இருக்கப்போகிற
உன் மலர்