வெந்துபோன சீரம்

முத்தியால்பேட்டை டீக்கடையில் அவித்த முட்டை கேட்டேன். உரித்ததும் ஆவி எழுந்து மூக்குக்கண்ணாடியில் படிந்தது. அன்று உன் சோதனைக் குழாய்களில் இறுகிக் கிடந்ததும் இதே வெள்ளை. பாரிஸில் நீ இறந்துவிட்டதாக உன் அண்ணன் எழுதிய கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

நம் இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம், ஒரே கோழி வைரஸ். நுண்ணோக்கிப் படத்தில் அதைச் சுற்றிக் கிரீடம்போல முட்கள். அதனால்தான் கொரோனா என்று பெயர். அது எப்படிக் கொல்கிறது என்பது என் பங்கு. மூச்சுக்குழாயின் மெல்லிய மயிர்கள் உதிர்வதை, குஞ்சுகள் வாய் பிளந்து திணறுவதை எழுதி வைப்பேன். எப்படிக் காப்பாற்றலாம் என்பது உன் பங்கு. நோயிலிருந்து மீண்ட கோழியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கும். அந்த இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தை ஏற்றினால், குஞ்சு தானாகப் போராடாமலே சில வாரம் தாங்கும்.

உன் குஞ்சுகள் பிழைத்தால் உனக்குப் பாரிஸில் ஆராய்ச்சி வாய்ப்பு. நம் பேராசிரியர் உன்னோடு பிரெஞ்சில் பேசிச் சிரிப்பார். மில் தொழிலாளியின் மகன் நான் குழாய் கழுவுவேன்.

"இன்னாடா, உன் பக்கம் இன்னிக்கி எத்தினி காலி?" என்பாய்.

"ரெண்டு. உனக்கு ஒண்ணும் சாவலன்னு கவலையா?"

அன்று குஞ்சுகளுக்கு வைரஸ் கொடுத்தாயிற்று; மாலைக்குள் சீரம் ஏற்ற வேண்டும். ஏற்றுமுன் வழக்கப்படி சீரத்தை ஐம்பத்தாறு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரைமணி வைத்துவிட்டுக் கோழிக்கூண்டுக்குப் போனாய். நான் குனிந்து பார்த்தேன். வெப்பமானி எண்பதை நெருங்கியிருந்தது. சூட்டைக் குறைக்கக் குமிழைத் திருப்ப ஒரு விரல் போதும். வெளியே நடந்தேன்.

வாசலில் எதிரே வந்தாய். "கண்ணாடி இன்னா இப்டி மூடிக்கினு இருக்கு?"

"வேர்வை."

எல்லாக் குழாயிலும் முட்டை வெள்ளை. வேறு சீரம் இல்லை. குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கூண்டருகே உட்கார்ந்திருந்தாய். "நான்தான் சார் குமிழ சரியா வெக்கல," என்றாய் பேராசிரியரிடம். எனக்கு உள்ளே இனித்தது.

மறுபடி இரத்தம் எடுத்தாய். புதுக் குஞ்சுகளில் பெரும்பாலானவை பிழைத்தன. பாரிஸும் வந்தது. பஸ் ஸ்டாண்டில் உன் பெட்டியை ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியே சொன்னாய்:

"அன்னிக்கி உன் கண்ணாடில இருந்தது ஆவி. எனக்குத் தெரியும்டா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சார் உன்ன வெளிய அனுப்பிட்டிருப்பாரு."

பஸ் கிளம்பிவிட்டது. என் பட்டம் நீ வாய் திறக்காததால் கிடைத்தது. அதற்காகவும் உன்மேல் பொறாமைப்பட்டேன். என்னால் அப்படிச் செய்திருக்க முடியாது.

ஏற்றிய சீரம் சில வாரத்தில் கரைந்துவிடும் என்று உன் ஆய்வேட்டில் எழுதினாய். நீ எனக்குக் கொடுத்தது இத்தனை வருடத்தில் கரையவில்லை. பொறாமையும் அப்படியே இருக்கிறது.

கண்ணாடியைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன், ஆவி தானாக விலகும்வரை.