அக்ஷயா கேட்டு வாங்கிய நிமிடங்கள்

அன்பு மகன் சிரஞ்சீவிக்கு நைனா எழுதுவது. சித்தூரில் நானும் அம்மாவும் சுகம், திருப்பதி ஹாஸ்டலில் உன் தங்கை அக்ஷயாவும் சுகம். தோஹாவில் உன் உடம்பும் வேலையும் நல்லபடி இருக்க ஏழுமலையான் துணை. போனில் பேசினால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்கிறாள், சொல்ல வந்தது நின்றுவிடுகிறது. அதனால் நடந்ததை முழுசாக எழுதி, படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

போன செமஸ்டரில் அக்ஷயா கெமிஸ்ட்ரியில் ஃபெயிலானது உனக்குத் தெரியும். படிக்கவில்லை என்று அவளே சொன்னாள், நாங்களும் நம்பினோம், நீயும் போனில் திட்டினாய். உண்மை அது இல்லை. அவளோடு ஹாஸ்டல் அறையில் இருக்கும் நீரஜா என்ற பெண் அம்மாவிடம் சொல்லித்தான் தெரிந்தது. பரீட்சை நடுவில் இவளுக்கு சுகர் இறங்கிவிட்டது. பையில் வைத்திருந்த குளுக்கோஸை ஹால் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். வேர்த்து, கை நடுங்கி, எழுத்து கோணிப்போய், பேப்பர் மேலேயே தலையை வைத்துப் படுத்துவிட்டாள். ஹாலில் இருந்த மேடம், இவள் தூங்குகிறாள் என்று நினைத்து எழுப்பியிருக்கிறார், அப்போதும் இவள் வாயைத் திறக்கவில்லை. பத்து வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை, அந்தக் காலேஜில் நீரஜாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தாள்.

நான் போய்ப் பேசுகிறேன் என்றதும் அம்மா தடுத்தாள். கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு, நாமே போயி ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு வரணுமா என்றாள். அக்ஷயா அதற்கு மேல். நீ வந்தா நான் பரீட்சைக்கே போவ மாட்டேன் நைனா, எல்லாரும் என்னியே பாத்துக்கினு இருப்பாங்க என்று அழுதாள். நீ மயங்கி வுழுந்தா மட்டும் பாக்க மாட்டாங்களாம்மா என்று கேட்டேன், அதோடு விட்டுவிட்டேன். சில நாள் கழித்து அவளே போன் செய்தாள். லீவு போட்டுக்கினு வா, பக்கத்துல நின்னா போதும், நான் பேசிக்கிறேன் என்றாள்.

நான் வேலை செய்யும் பஸ் டிப்போவில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். முதலில் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கும் டாக்டர் ஜெபகுமாரிடம், பரீட்சையில் இவளுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டோம். காலேஜ் எக்ஸாம் செக்ஷனில் இருந்த பெரியவர் அதைப் படித்துவிட்டு, கண் தெரியாதவர்களுக்கு எழுத ஆள் தருவோம், கை ஒடிந்தவர்களுக்கும் தருவோம், சுகருக்கு என்ன தருவது, எனக்கும்தான் சுகர், நான் ஆபீஸுக்கு வரவில்லையா என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் அக்ஷயா சுகர் பார்க்கும் மிஷினை அவர் மேஜை மேலேயே வைத்து, விரலில் குத்தி, வந்த நம்பரை அவர் பக்கம் திருப்பினாள். உங்க சுகர் வேற, என்னது வேற சார், பதில் எழுதிக்கினு இருக்கும்போதே இறங்கிடும், நான் மார்க் கேக்கல, ஆளும் கேக்கல, குளுக்கோசும் இந்த மிஷினும் பெஞ்ச் மேல இருக்கட்டும், இறங்குனா நிறுத்திட்டு துன்னுக்கிறேன், நிறுத்துன நேரத்த மட்டும் கடைசில திருப்பிக் குடுங்க என்று தெலுங்கிலேயே சொன்னாள். முடிக்கும் வரை நிறுத்தவில்லை. அவர் சிரிப்பதை விட்டுவிட்டு எழுந்து, எங்களைப் பிரின்ஸிபால் மேடம் அறைக்குக் கூட்டிப்போனார். போன தடவையே ஏனம்மா கேட்கவில்லை என்றார் மேடம். கேட்டு இல்லன்னு சொல்லிட்டா, ஃபெயிலாவறத விட அது கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன் மேடம் என்றாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த செமஸ்டர் பரீட்சைக்கு முன்னால் அனுமதி கையெழுத்தாகி வந்துவிட்டது.

மற்ற பேப்பர்களில் ஒன்றும் ஆகவில்லை. கெமிஸ்ட்ரி அன்றைக்கு மறுபடியும் இறங்கியிருக்கிறது. கையைத் தூக்கினாள், ஹாலில் இருந்த மேடம் வந்து நேரத்தைக் குறித்துக்கொண்டார், குளுக்கோஸைத் தின்று, உடம்பு நிலைக்கு வரும் வரை பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு, காலி ஹாலில் விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்தாளாம். மத்தவங்க பாத்தாங்களாம்மா என்று போனில் கேட்டேன். ஒரு தரம் திரும்பிப் பாத்தாங்க நைனா, அப்புறம் அவங்கவங்க பேப்பருக்குப் போயிட்டாங்க, யாருக்கு நேரம் இருக்குது என்றாள்.

அம்மாவுக்குக் கவலை தீரவில்லை, நாளைக்கு சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்கிறாள். வரட்டும், முதலிலேயே சொல்லிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் வெயிலில் நிற்கிற வேலை, வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் தங்கைக்குப் போன் செய், பழையதைக் கிளறாதே, பேப்பர் எப்படி இருந்தது என்று மட்டும் கேள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. பாஸோ ஃபெயிலோ, இந்தத் தடவை வருவது சுகருக்கு இல்லாமல் கெமிஸ்ட்ரிக்கு வந்த மார்க்காக இருக்கும், அது போதும் எங்களுக்கு.

போன இடத்தில் நல்ல பேரோடும் நல்ல உடம்போடும் நீ இருக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு.

இப்படிக்கு,
உன் நைனா
ரமணா